மீட்கும்பொருளை வாங்கிக்கொண்டது யார்?

#1 எம்மாவு வழி

ஞாயிறு வேதபாட வகுப்பில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் மாற்கு 10:45. மனுஷகுமாரன் அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்க வந்தார் என்ற வசனம். அடகில் போன பொருளை மீட்பதுபோல, பிணைக்கைதியை விலை கொடுத்து மீட்பதுபோல என்று விளக்கிக்கொண்டே போனேன். ஒரு பையன் கையைத் தூக்கினான். "அப்படின்னா அந்த விலையை வாங்கிக்கிட்டது யாரு?"

வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. பிசாசு வாங்கினான் என்றால், கடவுள் அவனோடு பேரம் பேசினார் என்று ஆகிறது. பிதா வாங்கினார் என்றால், நம்மைப் பிடித்து வைத்திருந்தவரே அவர்தானா? மகனின் உயிரைத் தகப்பன் வாங்கிக்கொண்டார் என்று அந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று முடித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி விடவில்லை. இத்தனை வருஷம் "மீட்கப்பட்டேன்" என்று பாடியிருக்கிறேன், சாட்சி சொல்லியிருக்கிறேன். யாரிடமிருந்து, எப்படி என்று ஒருமுறைகூட நின்று யோசித்ததில்லை. தெரிந்தவர்கள் உதவுங்கள். பிள்ளைகளிடம் பொய்யான பதிலைச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

#2 யோபு 19

தம்பி, இதில் குழம்ப ஒன்றுமில்லை. பாவத்தின் சம்பளம் மரணம். அந்தக் கடனை நாம் தேவனுடைய நீதிக்குச் செலுத்த வேண்டியிருந்தது, நம்மால் முடியவில்லை, இயேசு செலுத்தினார். சிலுவையில் "முடிந்தது" என்றாரே, கிரேக்கத்தில் அது தெத்தெலெஸ்தாய். அந்தக் காலத்து ரசீதுகளில் கடன் தீர்ந்ததும் இதே சொல்லைத்தான் எழுதுவார்களாம். "முழுவதும் செலுத்தப்பட்டது" என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், பளிச்சென்று புரியும்.

கொலோசெயர் 2:14-ஐயும் சேர்த்துச் சொல்லலாம். நமக்கு எதிரிடையாக இருந்த கையெழுத்தைக் குலைத்து, சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று இருக்கிறது. கையெழுத்து என்றால் கடன் பத்திரம்தான்.

#3 பாலைநிலக் கிணறு

எம்மாவு வழி, உங்கள் மாணவன் கேட்டதற்குத் திருச்சபை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பதில் தேடியிருக்கிறது. இதை அவனிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.

3-ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற திருச்சபை ஆசிரியர், மத்தேயு நற்செய்திக்கு எழுதிய உரையில் இதையே கேட்டார். கடவுளுக்குக் கொடுத்திருக்க முடியாது, அப்படியானால் தீயவனுக்குத்தான் என்றார். அவன் நம்மைப் பிடித்து வைத்திருந்தான், இயேசுவின் உயிரை ஈடாக வாங்கினான், ஆனால் அந்த உயிரை அவனால் தாங்க முடியவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் நீசா நகரத்து கிரகோரி இதையே தூண்டிலாக வர்ணித்தார். மனித உடல் இரை, உள்ளே மறைந்திருந்த தெய்வீகம் முள். மரணம் இரையென்று நினைத்து விழுங்கி, முள்ளில் மாட்டிக்கொண்டது. அகஸ்தீன் எலிப்பொறி என்றார்.

பிரசங்கத்தில் சொல்ல அருமையான படம். ஆனால் நீசா கிரகோரியின் நண்பரான நசியான்சு கிரகோரிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஈஸ்டர் அன்று ஆற்றிய ஓர் உரையில் (45-ஆவது உரை என்று எண்ணுவார்கள்) அவர் எழுப்புவது அப்படியே உங்கள் மாணவனின் கேள்வி. இந்த இரத்தம் யாருக்குச் செலுத்தப்பட்டது? தீயவனுக்கு என்றால், கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே கூலியாகக் கொடுத்ததாகிவிடும், நினைக்கவே வெட்கம். பிதாவுக்கு என்றால், நம்மை அடிமையாக வைத்திருந்தவர் பிதா இல்லையே. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனபோது அதை ஏற்காமல் ஆட்டுக்கடாவைக் கொடுத்தவர், தம் ஒரே மகனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார்?

அப்புறம் அவர் தரும் பதில்: பிதா அதைக் கேட்கவும் இல்லை, அவருக்கு அது தேவைப்படவும் இல்லை, ஆனாலும் ஏற்றுக்கொண்டார். மனிதன் கடவுளின் மனிதத்தன்மையால் பரிசுத்தமாக்கப்பட வேண்டியிருந்தது, கொடுங்கோலனை வென்று கடவுளே நம்மை விடுவிக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லிவிட்டு, மிச்சத்தை மௌனத்தால் வணங்குவோம் என்கிற மாதிரி நிறுத்திக்கொள்கிறார்.

எனக்கு அந்த மௌனம் பிடிக்கும். "எனக்கு விலை கேட்டு வாங்கிக்கொண்டவர் யாரும் தெரியவில்லை" என்று ஒரு மாபெரும் ஆசிரியர் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை வாசிக்கிறேன்.

#4 கேள்விக்காரன்

நான் விசுவாசி இல்லை. ஆனால் மரியாதையோடு வாசித்துக்கொண்டிருக்கிறேன், மரியாதையோடுதான் கேட்கிறேன்.

கடவுள் ஏன் வெறுமனே மன்னிக்கக் கூடாது? என் பிள்ளை தப்பு செய்தால் மன்னிக்கிறேன். அதற்கு முன்னால் யாராவது அடிபட வேண்டும் என்று நான் கேட்பதில்லை. அடுத்தது இன்னும் கனமானது. ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவரைத் தண்டிப்பது எந்த நீதிமன்றத்தில் நீதி? உங்கள் எசேக்கியேல் 18-ஆம் அதிகாரமே பாவஞ்செய்கிற ஆத்துமாதான் சாகும், தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்கிறது.

யோபு 19 ஐயா சொன்ன கடன் உவமையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடனை யாரோ ஒருவர் முழுதாகக் கட்டிவிட்டால், கடன் கொடுத்தவர் மன்னித்தார் என்று சொல்ல முடியாது. அவருக்குத்தான் பணம் வந்துவிட்டதே.

#5 நடுச்சுவர்

கேள்விக்காரன், நீங்கள் கேட்டது புதிதில்லை என்றாலும் லேசானதும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் ஃபாஉஸ்தோ சொசீனி என்ற இத்தாலிய இறையியலாளர் இதே வாதங்களை வைத்தார், அவருடைய புத்தகம் 1594-இல் அச்சானது. அதற்குப் பதில் எழுதத்தான் ஹியூகோ குரோஷியஸ் என்ற டச்சுச் சட்ட அறிஞர் 1617-இல் பேனா எடுத்தார்.

நான் புராட்டஸ்டன்ட் சீர்திருத்த மரபில் வளர்ந்தவன். இந்த இழையில் எல்லோரும் தண்டனை என்ற சொல்லைக் கண்டு ஒதுங்குவதுபோல் தெரிவதால் அதன் பக்கம் நின்று பேசுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு. இடைக்கால இறையியலாளர் அன்செல்ம் 1098-இல் முடித்த "கடவுள் ஏன் மனிதரானார்" என்ற நூலில், பிசாசுக்கு நம்மேல் உரிமை இருந்தது என்ற எண்ணத்தை அடியோடு தள்ளினார். பாவம் என்பது கடவுளுக்குரிய கனத்தைத் திருடுவது. அதற்கு ஒன்று ஈடு செய்ய வேண்டும், இல்லையென்றால் தண்டனை. கவனியுங்கள், அவருக்கு இவை இரண்டும் இரண்டு வழிகள். கிறிஸ்து செய்தது ஈடு, அதனால் தண்டனை தேவைப்படவில்லை. சீர்திருத்தத் தலைவர் கால்வினும் அவர் காலத்தவரும்தான், கிறிஸ்து நமக்குரிய தண்டனையையே சுமந்தார் என்று சொன்னார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பலர் திட்டுகிறார்கள்.

சுமந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. கலாத்தியர் 3:13-இல் பவுல், கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து மீட்டுக்கொண்டார் என்கிறார். மீட்பும் சாபமும் ஒரே வாக்கியத்தில். ரோமர் 3:24-25-இல் மீட்பும் கிருபாதார பலியும் (பாவத்தைப் போக்கும் பலி) அடுத்தடுத்து வருகின்றன, அதுவும் தேவன் தம்முடைய நீதியைக் காண்பிக்கும்படிக்கு. தீமையைக் கண்டும் காணாமல் விடும் கடவுளை, தீமையால் நொறுங்கிய எவராவது நம்ப முடியுமா? எனக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. எங்கள் குடும்பத்துக்கு ஒருவர் செய்த கொடுமையை எல்லோரும் "விடுப்பா" என்று கடந்துபோனார்கள். கடவுளும் "விடுப்பா" என்று சொல்லவில்லை என்பதை சிலுவையில்தான் பார்த்தேன்.

ஆனால் கோபக்காரத் தகப்பன் அப்பாவி மகனை அடித்தார் என்று சொல்வதை நானும் ஏற்க மாட்டேன். தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்துதான் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார், 2 கொரிந்தியர் 5:19. சுமந்தவரும் கடவுள்தான்.

#6 யோபு 19

கேள்விக்காரன் தம்பிக்கு என் வாழ்க்கையிலிருந்து ஒன்று. கூட்டாகத் தொழில் செய்த ஒருவர் என் பணத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பல வருஷம் கழித்து வந்து மன்னிப்புக் கேட்டார். திருப்பித் தர அவரிடம் ஒன்றும் இல்லை. மன்னித்தேன். மன்னித்த அன்று அந்தப் பணம் எங்கும் மாயமாகிவிடவில்லை. அந்த நஷ்டம் நிரந்தரமாக என் தலையில் இறங்கியது. அது எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று என் மனைவிக்குத் தெரியும்.

"வெறுமனே" மன்னிப்பது என்று ஒன்று இல்லை தம்பி. மத்தேயு 18-இல் பதினாயிரம் தாலந்து கடனை ராஜா விட்டுவிட்டார். யார் கட்டினார்கள்? யாரும் கட்டவில்லை. ராஜாவின் கஜானாதான் காலியானது.

#7 கேள்விக்காரன்

ஐயா, இதை நான் இப்படி யோசித்ததில்லை. நன்றி. ஆனால் கவனித்தீர்களா, இரண்டாவது பதிவில் கடன் கட்டப்பட்டது என்றீர்கள். இப்போது கடனை யாரும் கட்டவில்லை, ராஜாவே நஷ்டத்தை ஏற்றார் என்கிறீர்கள். இரண்டும் ஒன்றில்லை. எனக்கு இரண்டாவதுதான் நம்பத் தகுந்ததாக இருக்கிறது.

#8 மறைக்கல்வி

நான் கத்தோலிக்கப் பின்னணி. முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். எங்கள் திருவிவிலியத்திலும் வழிபாட்டிலும் இரட்சிப்புக்கும் "மீட்பு" என்றே சொல்கிறோம். நீங்கள் இரட்சகர் என்பவரை நாங்கள் மீட்பர் என்போம். அதனால் விலை கொடுத்து மீட்பது என்ற குறிப்பான பொருள் எங்கள் காதில் கொஞ்சம் மழுங்கிப்போகிறது. உங்கள் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் இரண்டு சொல்லும் தனித்தனியாக இருப்பது இந்த விஷயத்தில் நல்லது என்றே நினைக்கிறேன். அதே மாற்கு 10:45 எங்களிடம் "மீட்புக்கு ஈடாக" என்று வரும். ஈடு என்ற சொல் அருமை. ஒன்றின் இடத்தில் நிற்பது, ஒன்றுக்குச் சமமாவது இரண்டும் அதில் இருக்கிறது.

அடுத்தது, திருச்சபை முழுவதற்கும் கூடிய எந்தப் பொதுச்சங்கமும் இதுதான் ஒரே விளக்கம் என்று முடிவு கட்டவில்லை. திரித்துவத்துக்கும் கிறிஸ்துவின் இரு இயல்புகளுக்கும் வரையறை இருக்கிறது. சிலுவை எப்படி மீட்கிறது என்பதற்கு அந்த மாதிரி வரையறை இல்லை. விசுவாச அறிக்கை "மனிதராகிய நமக்காகவும் நம் மீட்புக்காகவும்" என்று சொல்லிவிட்டுக் கதையைச் சொல்கிறது, அவ்வளவுதான். இடைக்கால இறையியலாளர் அக்குவினா தோமா கிறிஸ்துவின் பாடுகள் எப்படிச் செயல்பட்டன என்று ஆராயும்போது ஒரு வழியோடு நிற்கவில்லை. பேறு, ஈடு, பலி, மீட்பு, கடவுளின் ஆற்றல் என ஐந்து வகையில் பேசுகிறார். நேர்மையாகச் சொன்னால், விலை கடவுளுக்கே செலுத்தப்பட்டது, பிசாசுக்கு இல்லை என்பதுதான் அவர் கட்சி. நசியான்சு கிரகோரியோடு அவர் இங்கே ஒத்துப்போகவில்லை.

எம்மாவு வழி, பிள்ளைகளிடம் ஒரே உவமையை இறுதிவரை இழுக்க வேண்டாம். மீட்பு என்ற படத்தைப் பலி என்ற படமும் வெற்றி என்ற படமும் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

#9 பாலைநிலக் கிணறு

யோபு 19 ஐயா, உங்கள் மன்னிப்புக் கதையை இரண்டு முறை வாசித்தேன். அதற்கு முன்னால் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் பிள்ளைகளுக்குப் போகும் பாடம் என்பதால் சொல்லிவிடுகிறேன். அந்த தெத்தெலெஸ்தாய் ரசீது விஷயம் உறுதியானதில்லை. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ரசீதுகளில் இருப்பது சுருக்கெழுத்து. அது "சுங்கம் செலுத்தப்பட்டது" என்ற வேறொரு வினையின் சுருக்கம் என்றே இப்போது வாசிக்கிறார்கள். முன்னொரு காலத்து அகராதியில் ஏறியது பிரசங்கங்களில் பரவிவிட்டது. அந்த வினைக்கு வரி செலுத்துவது என்ற பொருளும் உண்டுதான், மத்தேயு 17:24-இல் அப்படி வருகிறது. ஆனால் யோவான் 19-இல் இரண்டு வசனத்துக்கு முன்னாலேயே "எல்லாம் முடிந்தது" என்று அதே சொல் வந்து, வேதவாக்கியம் நிறைவேறுவதோடு சேர்ந்து நிற்கிறது. வேலை நிறைவேறியது என்ற பொருள்தான் அங்கே இயல்பு. உங்கள் கடன் பத்திரம், கொலோசெயர் 2:14, அது அசல். அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் பதில். நாம் எல்லோரும் கிரேக்கச் சொல்லிலிருந்து தொடங்கி மாட்டிக்கொள்கிறோம். பழைய ஏற்பாட்டின் மொழியான எபிரெயத்திலிருந்து வந்தால் கேள்வியே வேறு மாதிரி ஆகும்.

எபிரெயத்தில் மீட்புக்கு முக்கியமாக இரண்டு வினைகள். பாதா என்றால் விலையோ மாற்றோ கொடுத்து விடுவிப்பது. கழுதையின் தலையீற்றை ஆட்டுக்குட்டியால் மீட்பது, தலைப்பிள்ளையை ஐந்து சேக்கலால் மீட்பது எல்லாம் இது. இன்னொன்று காஅல். இது குடும்பச் சொல். லேவியராகமம் 25-ஐ எடுத்துப் பாருங்கள். ஒருவன் ஏழையாகி நிலத்தை விற்றுவிட்டால், நெருங்கிய உறவினன் வந்து அதை மீட்க வேண்டும். அவன் தன்னையே அந்நியனுக்கு விற்றுவிட்டால், சகோதரனோ, தகப்பனின் சகோதரனோ, அவன் மகனோ மீட்கலாம். இந்த உறவினனுக்குப் பெயர் கோஏல். ரூத் என்ற விதவைக்கு, இறந்த கணவனின் உறவினரான போவாஸ் அப்படித்தான் வருகிறார். யோபு 19-ஆம் அதிகாரத்தில் யோபு "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்றபோதும் சொன்னது கோஏல் என்றுதான். ஐயா, உங்கள் புனைபெயரிலேயே பதில் இருக்கிறது!

இப்போது யாத்திராகமம் 6:6. கடவுள் முதன்முறை ஒரு ஜனத்தை மீட்பேன் என்று சொல்லும் இடம். சொல் காஅல்தான். பார்வோனுக்கு எவ்வளவு கொடுத்தார்? ஒரு காசும் இல்லை. ஓங்கிய கையினால் மீட்டார். ஏசாயா 52:3 இன்னும் வெளிப்படை: விலையின்றி விற்கப்பட்டீர்கள், பணமின்றி மீட்கப்படுவீர்கள். அப்படியானால் வேதத்தின் பழக்கத்தில், மீட்பு நடக்க விலையை வாங்கிக்கொள்ளும் ஆள் கட்டாயமில்லை. மீட்கிறவர் உறவினராக இருக்க வேண்டும். செலவு அவருடையது.

இங்கேதான் கேள்விக்காரன் கேட்டதற்கும் பதில் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளைத் தண்டித்தால் அநீதிதான், எசேக்கியேல் சொன்னது சரி. எபிரெயர் 2-ஆம் அதிகாரம் அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறது: பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாக இருந்ததால் அவரும் அப்படியே ஆனார், அவர்களைச் சகோதரர் என்று அழைக்க வெட்கப்படவில்லை. கடவுள் மனிதரானது நம் வீட்டு ஆளாவதற்கு. உறவில்லாதவர் கோஏல் ஆக முடியாது. சங்கீதம் 49 ஒருவனும் தன் சகோதரனை மீட்க முடியாது, அந்த மீட்பு அருமையாயிருக்கிறது (அவ்வளவு விலைமிக்கது) என்று கைவிரித்துவிட்டு, சில வசனங்கள் தள்ளி, ஆனாலும் தேவன் என் ஆத்துமாவைப் பாதாளத்தின் வல்லமைக்குத் தப்புவிப்பார் என்கிறது. மனிதனால் முடியாது, கடவுளால்தான் முடியும், ஆனால் உறவினனாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளில் சேர வேண்டும்.

புதிய ஏற்பாட்டில் மீட்பைக் குறிக்கும் அப்போலூட்ரோசிஸ் என்ற கிரேக்கச் சொல் 10 இடத்தில் வருகிறது. பெரும்பாலான இடங்களில் மீட்பு என்று தமிழாகியிருக்கிறது. எபிரெயர் 11:35-இல் அதே சொல் "விடுதலை" என்று வரும். வாதிக்கப்பட்டவர்கள் விடுதலையை ஏற்க மறுத்தார்கள் என்ற இடம். அங்கே விலைப் பேச்சே இல்லை. அதே நேரம் விலையை அழித்துவிடவும் முடியாது. 1 பேதுரு 1:18-19 வெள்ளியும் பொன்னும் இல்லை, விலையேறப்பெற்ற இரத்தம் என்கிறது. விலை இருக்கிறது, வாங்கியவன் இல்லை. "பிள்ளையை வளர்க்கத் தாய் என்ன விலை கொடுத்தாள்" என்று சொல்கிறோமே, யாரிடம் கொடுத்தாள்?

#10 யோபு 19

பாலைநிலக் கிணறு, முப்பது வருஷமாக அந்த ரசீதைச் சொல்லி வந்திருக்கிறேன். இனி சொல்ல மாட்டேன். சொன்னதற்கு நன்றி, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

#11 வெண்கல்

இத்தனை படித்தவர்கள் நடுவில் பேசத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் இந்தத் தலைப்பைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

சிறு வயதிலிருந்து எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான். "உனக்காக அவர் இவ்வளவு விலை கொடுத்தாரே, நீ அவருக்கு என்ன கொடுத்தாய்?" ஒவ்வொரு கூட்டத்திலும், ஒவ்வொரு முகாமிலும். கொடுத்தேன். ஊழியம், உபவாசம், விடுமுறை நாள், சேமிப்பு. அம்மா படுக்கையில் இருந்தபோதுகூட ஒரு கூட்டத்தைத் தவறவிட்டதற்காக அழுதிருக்கிறேன். எவ்வளவு கொடுத்தாலும் வட்டிக்குக்கூடப் போதவில்லை என்ற உணர்வு. இப்போது ஆராதனைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன், கோபத்தால் இல்லை, சோர்வால்.

நான் கேட்பது இதுதான். ஒரு கடனிலிருந்து விடுவித்து அதைவிடப் பெரிய கடனில் மாட்டிவிட்டால், அதற்குப் பெயர் மீட்பா? "விலைக்கு வாங்கப்பட்டீர்கள்" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு எஜமான் மாறியதாக மட்டும்தான் தோன்றுகிறது.

#12 பாலைநிலக் கிணறு

அக்கா, இதற்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்று ஒரு நாள் காத்திருந்தேன்.

பவுலின் காலத்து உலகத்தில் அடிமைகள் விடுதலையான ஒரு முறை இருந்தது. கிரேக்க நாட்டு தெல்ஃபியில் அப்பொல்லோ கோயில் சுவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விடுதலைப் பத்திரங்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. எஜமான் அடிமையை இத்தனை மினா வெள்ளிக்கு அப்பொல்லோவுக்கு விற்கிறான், "விடுதலைக்காக" என்று எழுதியிருக்கும். உண்மையில் பணம் அடிமை சேர்த்ததுதான். தெய்வத்தின் பெயரில் கைமாறுகிறது. அதன் பிறகு அவனை யாரும் திரும்ப அடிமையாக்கக் கூடாது. 1908-இல் அடோல்ஃப் டைஸ்மன் என்ற ஜெர்மானிய அறிஞர், "விலைக்கு வாங்கப்பட்டீர்கள், மனிதருக்கு அடிமைகளாகாதிருங்கள்" என்ற 1 கொரிந்தியர் 7:23-ஐ இந்தக் கல்வெட்டுகளோடு வைத்து வாசித்தார். பவுல் இதைத்தான் மனதில் வைத்தார் என்பதைப் பிற்பாடு பலர் ஏற்கவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இதை உங்களுக்குச் சொல்லக் காரணம், அந்தக் கல்வெட்டுகள் பலவற்றில் ஒரு நிபந்தனை உண்டு. பாரமோனே என்று பெயர், "கூடவே இருத்தல்". விடுதலையானவன் பழைய எஜமானோடு இத்தனை வருஷம், சில சமயம் எஜமான் சாகும்வரை, இருந்து சொன்ன வேலையெல்லாம் செய்ய வேண்டும். பத்திரத்தில் விடுதலை, வாழ்க்கையில் அதே வேலை.

உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது பாரமோனே போட்ட மீட்பு, அக்கா. பவுல் கொடுக்கும் பத்திரத்தில் அந்த வரி இல்லை. கலாத்தியர் 4:5-ஐப் பாருங்கள், மீட்டுக்கொண்டதன் நோக்கம் நாம் புத்திர சுவிகாரத்தை (பிள்ளைகளாகத் தத்தெடுக்கப்படுவதை) அடைய வேண்டும் என்பது. அடுத்து ஏழாம் வசனம், இனி நீ அடிமையாயிராமல் புத்திரனாயிருக்கிறாய். தெல்ஃபியில் அடிமையே தன் விலையைச் சேர்த்துக் கொடுத்தான். இங்கே நாம் ஒன்றும் கொடுக்கவில்லை, பிறகு கொடுத்துக் கழிக்கவும் ஏற்பாடு இல்லை. வட்டி கேட்டது யாரோ மனிதர்கள்.

#13 மறைக்கல்வி

வெண்கல், உங்கள் கடைசி வரிக்கு நான் ஒன்று சேர்க்கிறேன். எஜமான் மாறியதாகத் தோன்றுகிறது என்றீர்கள். லேவியராகமம் 25-இன் கடைசிப் பகுதி அதே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. இஸ்ரவேலர் என் ஊழியக்காரர், நான் எகிப்திலிருந்து கொண்டுவந்தேன், ஆகவே அவர்கள் அடிமைகளாக விற்கப்படலாகாது. கடவுளுக்குச் சொந்தம் என்பதற்கு அங்கே சட்டப்படி ஒரே அர்த்தம்தான், வேறு எவனும் அவர்கள்மேல் கை வைக்க முடியாது.

அடிமை முறையோடு ஒத்துப்போனவர்களுக்கு இது நன்றாகப் புரிந்திருந்தது. 1807-இல் லண்டனில், கரீபியத் தீவுகளின் அடிமைகளுக்காகவென்று வெட்டிச் சுருக்கிய வேதாகமம் ஒன்றை அச்சிட்டார்கள். எகிப்திலிருந்து ஜனங்கள் வெளியேறும் பகுதி அதில் இல்லை. மீட்பு என்ற சொல் ஆன்மாவோடு நின்றுவிடும் என்று நம்பியிருந்தால் அதை ஏன் எடுத்திருக்க வேண்டும்?

அம்மாவோடு இருந்த அந்த நாட்களுக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அங்கே இருந்ததுதான் சரி.

#14 நடுச்சுவர்

வெண்கல் சிஸ்டர், என் மரபில் வந்தவர்கள்தான் பெரும்பாலும் அப்படிப் பேசியிருப்பார்கள். அதற்காக வருந்துகிறேன். விலை பெரியது என்று சொன்னது உங்கள்மேல் சுமை ஏற்ற இல்லை, இனி யாரும் அதில் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று சொல்ல. அதைத் தலைகீழாக்கிவிட்டோம்.

தண்டனை சுமந்தார் என்பதை நான் விட்டுவிடவில்லை, பாலைநிலக் கிணறு. கோஏல் படம் அழகு, ஆனால் யாத்திராகமம் 21:30-ஐயும் பாருங்கள். முட்டுகிற மாடு என்று எச்சரித்தும் கட்டிவைக்காதவன், ஆள் செத்துப்போனால் சாக வேண்டும். அல்லது உயிருக்கு ஈடாக கோஃபெர், அதாவது மீட்புப்பணம், கொடுக்கலாம். இங்கே குற்றம் இருக்கிறது, ஈடும் இருக்கிறது, வாங்குகிறவரும் இருக்கிறார். மாற்கு 10:45-க்குப் பின்னால் இதுவும் நிற்கிறது. ஆனால் விலை "யாருக்கு" என்பதைவிட மீட்கிறவர் "யார்" என்பது பெரிய கேள்வி என்று நீங்கள் காட்டியதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. மீட்பு இன்னும் முடியவில்லை. ரோமர் 8:23 சரீர மீட்புக்காகக் காத்திருந்து தவிக்கிறோம் என்கிறது, எபேசியர் 4:30 மீட்கப்படும் நாள் என்று ஒன்றைச் சொல்கிறது. நோயில் கிடப்பவர்களிடம் "நீ மீட்கப்பட்டாய், ஏன் அழுகிறாய்" என்று கேட்பவர்கள் இந்த வசனங்களைக் கடந்துபோகிறார்கள்.

#15 வெண்கல்

எல்லோருக்கும் நன்றி. பாரமோனே என்ற சொல்லை ஒரு தாளில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிந்தது.

#16 எம்மாவு வழி

ஞாயிறு முடிந்துவிட்டது, என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

முதலில் பையனிடம், உன் கேள்வியை ஓரிகனும் கிரகோரியும் கேட்டிருக்கிறார்கள் என்றேன். முகம் மலர்ந்தது. பிறகு மூன்று பதில்களையும் வைத்தேன்: பிசாசுக்கு என்றவர்கள், பிதாவுக்கு என்றவர்கள், வாங்கியவர் யாருமில்லை என்றவர்கள். நான் எந்தப் பக்கம் என்றும் மறைக்கவில்லை. யாத்திராகமம் 6-ஐ வாசிக்கச் சொல்லி, பார்வோனுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு "ஒண்ணும் கொடுக்கல" என்றார்கள். யோபு 19 ஐயா, உங்கள் அனுமதியில்லாமல் உங்கள் கதையைப் பெயர் சொல்லாமல் சொன்னேன், மன்னிக்க வேண்டும். வகுப்பு அதற்குத்தான் அமைதியானது.

பிறகு ரூத் 4-ஆம் அதிகாரம். போவாஸுக்கு முன்னால் இன்னும் நெருங்கிய உறவினன் ஒருவன் இருந்தான், நிலத்தை மீட்கிறேன் என்று முதலில் சம்மதித்தான், ரூத்தையும் சேர்த்து ஏற்க வேண்டும் என்றதும் என் சுதந்தரம் கெட்டுப்போகும் என்று பின்வாங்கினான். அப்போது ஒரு சிறுமி கேட்டாள், "போவாஸ் பேர் இருக்கு, நகோமி பேர் இருக்கு, செத்துப்போனவங்க பேருகூட இருக்கு. அந்த ஆளுக்கு மட்டும் ஏன் பேரே இல்ல?"

மறுபடியும் அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

#17 பாலைநிலக் கிணறு

எபிரெயத்தில் போவாஸ் அவனைப் பெலோனி அல்மோனி என்று கூப்பிடுகிறார். "இன்னார்" என்கிற மாதிரி. போவாஸுக்கு அவன் பெயர் தெரியாமல் இருந்திருக்காது, எழுதியவர்தான் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். செத்தவனுடைய பெயர் அற்றுப்போகாதபடிக்குத்தான் அந்த மீட்பே நடக்கிறது, 4:10-ஐப் பாருங்கள். அந்தச் சிறுமியிடம் பத்தாம் வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள், அவளே கண்டுபிடித்துவிடுவாள்.